“கல்லு கல்லுதானே” என்பவர்களுக்கு



கேகாலை, இரத்தினபுரி இறப்பர் மலைகளில் மரத்தில் காயம் விழுந்தால், பெரட்டுக்களத்தில் ஏச்சு விழுவது பால்வெட்டும் தொழிலாளிக்கே. கத்தியை எந்தக் கல்லில் தீட்டினாய் என்று எவரும் கேட்பதில்லை. தீட்டுகல் தாருங்கள் என்று நாம் கேட்டால், “ஆத்துல கிடக்காத கல்லா? கல்லு கல்லுதானே” என்கிறார்கள்.

இல்லை ஐயா! கடைக் கல்லுக்கு இலக்கம் உண்டு. இலக்கம் கூடக்கூட மணி பொடியாகும். ஆற்றுக் கல்லுக்கு இலக்கம் கிடையாது. அதை அளப்பது எங்கள் கை. நனைத்த கல்லில் நகத்தை இழுத்துப் பார்க்கிறோம். நகத்தைச் சுரண்டினால் அது மொத்தக் கல். வழுக்கிக்கொண்டே இலேசாகப் பிடித்தால் நைஸ் கல். தீட்டும்போது வரும் சேற்றை விரலிடையே தேய்த்துப் பார்க்கிறோம்: ரவையா, மாவா? பிறகு கத்தியின் வாயை வெளிச்சத்தில் பிடித்துக் கோடு பார்க்கிறோம். நைஸ் கல்லுக்குள் ஒரேயொரு முரட்டு மணி இருந்தாலும் ஆழமாகக் கோடு விழும். அந்தக் கல் ஆகாது.

பல்லுப்போன வாயைச் சரியாக்க மொத்தக் கல் வேண்டும். வாயைக் கூராக்க நைஸ் கல் வேண்டும். ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

பட்டையை மெல்லிசாகச் சீவவேண்டும், மரத்தைத் தொடக்கூடாது. மழுங்கிய கத்தி சீவாது, பிய்க்கும். கை அழுத்தும், கத்தி உள்ளே இறங்கும். காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பின்னர் அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. எங்களுக்குக் கிலோ குறைகிறது, பேர் அரைப்பேராகிறது. தோட்டத்துக்கோ மரமே கெடுகிறது. ஒரு கல்லில் மிச்சம்பிடித்து மரத்தை இழப்பது என்ன கணக்கு?

நம்மவர்களுக்கும் ஒரு சொல். அவசரத்துக்குச் சிமெந்துப் படியில் தீட்டுவதை விடுங்கள். அது கத்தியையும் கெடுக்கும், நம் வாதத்தையும் கெடுக்கும்.

1876 இல் ஹெனரத்கொடவில் இறப்பர்க் கன்று நட்டார்கள். அன்றிலிருந்து மரத்தை எண்ணுகிறார்கள், பாலை நிறுக்கிறார்கள். கத்தியின் வாயையும் இனிக் கணக்கில் எடுக்கட்டும். நாம் கேட்பது இவைதான்:

கத்தியோடு மொத்தக் கல்லும் நைஸ் கல்லும் தோட்டமே தரவேண்டும்.

கல்லை வாங்குமுன் பால்வெட்டுகிறவர்கள் பார்த்துத் தெரிய வேண்டும்.

தீட்டும் நேரம் வேலை நேரமாக வேண்டும்.

காயத்துக்காகப் பேரில் கைவைக்குமுன், கொடுத்த கல்லைப் பார்க்கவேண்டும்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தீட்டும் கல்லைக் கையோடு கொண்டுவாருங்கள். எல்லாவற்றையும் மேசையில் அடுக்கிவைத்து நிர்வாகத்தை அழைப்போம். “கல்லு கல்லுதானே” என்றவர் தன் நகத்தால் இழுத்துப் பார்க்கட்டும்!