கட்டண பாக்கிக்காகத் தீர்ப்பைக் காக்க வைப்பதா?

மோட்டார் விபத்து வழக்குகளில் பாதிக்கப்பட்டவர் கேட்டதைவிடக் கூடுதலாகவும் இழப்பீடு வழங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2002லேயே தெளிவுபடுத்திவிட்டது. ஆனால், இழப்பீட்டை உயர்த்தும் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகளின் இறுதியில் ஒரு நிபந்தனையை அடிக்கடி பார்க்கலாம்: கூடுதல் தொகைக்குரிய நீதிமன்றக் கட்டணத்தைக் கட்டிய பிறகே டிக்ரி, அதாவது தீர்ப்பை நிறைவேற்றத் தேவையான முறையான ஆணை, தயாராகும். கோவையிலோ ஈரோட்டிலோ சம்பாதித்துப் போட்டவரைச் சாலையில் பறிகொடுத்த குடும்பம், வரவேண்டிய பணத்தை வாங்குவதற்காகவே முதலில் கடன் வாங்க நேரிடும். கட்டணம் என்பது அரசுக்கும் வழக்காடியவருக்கும் இடையிலான கணக்கு. அந்தக் கணக்கு தீராததால் தோற்ற தரப்புக்கு அவகாசம் கிடைப்பதில் என்ன நியாயம்?

இதற்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. கட்டணம் கட்ட வசதியில்லாதவர் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 33ஆம் ஆணைப்படி, கட்டாமலே வழக்குத் தொடுக்கலாம். அவர் வென்றால், வழக்கின் பொருள்மீது அரசின் கட்டணமே முதல் பொறுப்பாக ஏறுகிறது. கலெக்டர் அதை நிலவரி பாக்கிபோல வசூலிக்கலாம். தீர்ப்பும் நிறைவேறுகிறது, அரசின் பணமும் போவதில்லை. இந்த ஏற்பாட்டை வென்றவர் எல்லோருக்கும் விரித்தால் போதும்.

இப்படி விட்டால் யாரும் கட்டணம் கட்ட மாட்டார்கள் என்பார்கள். விபத்து இழப்பீடு பெரும்பாலும் நீதிமன்றக் கணக்கில்தான் டெபாசிட் ஆகிறது. அங்கேயே பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தால் யார் ஏமாற்ற முடியும்? தாமதத்துக்குத்தான் வட்டி உண்டே என்ற வாதமும் வரும். ஆஸ்பத்திரி பில்லும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அந்த வட்டிக்காகக் காத்திருப்பதில்லை. கையில் பணமே வராத நில வழக்குகளில் பிடித்தம் செய்ய வழியில்லை என்பது மட்டும் கனமான ஆட்சேபம். அங்கே பாக்கியைச் சொத்தின் மீதே பொறுப்பாகப் பதியலாம். விற்கும்போதோ அடமானம் வைக்கும்போதோ அது தீர்ந்தாக வேண்டும்.

தீர்ப்பை நிறைவேற்றுவதில் ஏற்கெனவே நாம் மிகவும் பின்தங்கியிருக்கிறோம். 1986இல் சேலத்தில் தொடுத்த சொத்து வழக்கொன்றின் டிக்ரி, 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தலையிடும்வரை நிறைவேறவில்லை. நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்தில் முடிக்க அப்போது உத்தரவிடப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் கணக்கு பார்த்தபோது நாடு முழுவதும் 8.82 லட்சம் மனுக்கள் தேங்கிக் கிடந்தன; தமிழ்நாட்டில் மட்டும் 86 ஆயிரத்துக்கும் மேல். சொத்தை மறைப்பவர்களும் அடுத்தடுத்து ஆட்சேப மனு போடுபவர்களும் உண்டாக்கும் தாமதத்தை ஒழிக்க நாளாகும். கட்டணத்தால் வரும் தாமதத்தை நீக்க உயர் நீதிமன்றம் அந்த நிபந்தனையை மாற்றி எழுதினால் போதும்: டிக்ரியை உடனே வழங்குக, கட்டணத்தை டெபாசிட்டில் கழித்துக்கொள்க.