கோப்பும் ஒழுங்கும்

பொருளைச் சேர்த்து வைத்தல் ஒரு திறம். சேர்த்ததை வேண்டியபொழுது எடுத்துக்கொள்ளுதல் மற்றொரு திறம். முன்னையது இக்காலத்து மாணவர்க்கு எளிதாய்விட்டது. பாடக்குறிப்பும் படமும் சான்றிதழும் கணினியில் நாள்தோறும் குவிகின்றன. பின்னையதோ நம்மிற் பலரிடத்து இல்லை. கணினியைப் புதிதாய்க் கையாளுவோர்க்கு முதற்கண் கற்பிக்கத்தக்கது கோப்புகளை ஒழுங்குபடுத்தும் முறையே என்பது எமது துணிபு.

இராயபுரத்திலிருந்து எண்ணூர் நோக்கிச் செல்வோர், கண்டெய்னர் எனப்படும் சரக்குப் பெட்டகங்களைச் சுமந்து நிற்கும் லாரிகளைக் காணாதிருத்தல் அரிது. சென்னைத் துறைமுகத்தின் பெட்டக முனையம் 1983-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. ஒரே வடிவினவாய் அடுக்கப்பட்டிருக்கும் பெட்டகங்களுள் வேண்டியதொன்றைக் கண்டெடுப்பது எங்ஙனம்? ஒவ்வொன்றின்மீதும் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் பொறிக்கப்பட்டுள்ளன. முதல் மூன்று எழுத்து உடையவரைக் குறிக்கும். நான்காம் எழுத்து வகையைக் குறிக்கும். ஆறு இலக்கம் வரிசையெண்ணாம். இறுதி இலக்கம் மற்றவற்றிற் பிழை உண்டாவெனச் சோதித்தற்குரியது. பெயரும் இடமும் இன்றேல் பெட்டகம் இருந்தும் இல்லாததே. கோப்பும் அத்தன்மைத்தே.

ஆயினும் நம்மவர் செய்வதென்ன? வந்ததனைத்தையும் ‘டவுன்லோட்ஸ்’ என்னும் உறையிலேயே கிடக்க விடுகின்றனர். ஒரே கட்டுரைக்குப் ‘புதியது’, ‘கடைசி’, ‘கடைசியிலும் கடைசி’ எனப் பெயரிட்டுப் பின்னர்த் தாமே மயங்குகின்றனர்.

இதனைத் திருத்தும் வழி எளிது. தம் பெயரால் ஓர் உறை அமைத்து, அதனுள் படிப்பு, சான்றிதழ், குடும்பம் என மூன்று உறைகள் வைக்க. படிப்பினுள் பருவத்திற்கு ஒன்றும், அதனுள் பாடத்திற்கு ஒன்றும் போதும். அதற்குமேல் உறைக்குள் உறையாய்ப் பெருக்குதல் வேண்டா. நாளிட வேண்டிய கோப்புக்கு, ‘2025-07-14 வேதியியல் ஆய்வு’ என்பதுபோல் ஆண்டு, மாதம், தேதி என்னும் முறையிற் பெயரிடுக. கணினி பெயர்களை முதலெழுத்திலிருந்து ஒப்பிட்டு அடுக்குமாதலின், ஆண்டு முன்னிற்பின் கோப்புகள் தாமே காலமுறைப்படி நிற்கும். இவையனைத்தையும் சேமிக்கும் அப்பொழுதே செய்க. பின்னர்ச் செய்வோம் என்பது செய்யாமைக்கு மறுபெயர்.

“தேடுபெட்டியில் ஒரு சொல்லை இட்டால் அகப்படுமே!” என்பாரும் உளர். தேடுதற்கும் ஒரு பெயர் வேண்டுமன்றோ? செல்பேசி தானே இட்ட எண்ணைப் பெயராகக் கொண்ட படம், ‘சான்றிதழ்’ எனத் தேடுவார்க்குப் பெரும்பாலும் அகப்படுவதில்லை. அன்றியும், தேடல் நாம் நினைத்ததையே தரும்; ஒழுங்கான உறையோ நாம் மறந்ததையும் காட்டும்.

இது சிறு செய்தியன்று. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்திற் சான்றிதழ்களை இழந்தோர்க்கு மாற்றுப்படி வழங்க அரசு தனி முகாம்கள் நடத்தியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பகுதியில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வீடுகளுட் புகுந்தது. மீன்பிடித்தும் ஆலையில் உழைத்தும் பெற்றோர் படிக்கவைக்க, தம் குடியில் முதன்முதற் கல்லூரி கண்ட பிள்ளைக்கு அந்தத் தாள்களே சொத்து. அவற்றைப் படமெடுத்து வைத்திருந்தும், விண்ணப்பத்தின் இறுதி நாளன்று ஆயிரம் படங்களுக்கிடையே தேடித் தவிப்பாராயின், அவை வெள்ளத்தோடு போனதற்கும் இதற்கும் வேற்றுமை யாது? ஆகலின் சான்றிதழ் உறைக்கு மட்டுமேனும் வீட்டிற்கு வெளியே மற்றொரு படி இருத்தல் வேண்டும்.

கல்லூரியிற் சேரும் முதல் வாரத்தில், மூத்த மாணவர் ஒருவர் இளையவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் அமர்ந்து இதனைக் கற்பித்தல் கூடாதா? பொருட்செலவு சிறிதுமில்லை. அதுவரை காத்திராது, இதனைப் படிக்கும் நண்பர் இன்றிரவே சான்றிதழ் உறையை அமைப்பாராக.