பென்சனோடு ஊர் திரும்புகிறவர்கள்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியில் மாலையில் மரக்கறி விலை விசாரிக்கும் முதியவர்களில் ரொறன்ரோவிலும் லண்டனிலும் உழைத்து ஓய்ந்தவர்களும் இருக்கிறார்கள். கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளிலும் அப்படியே. 1983 இனக்கலவரத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனவர்கள் முதுமையை இங்கே கழிக்க வருவது நமக்கு மகிழ்ச்சி. ஆனால் வெயிலையும் கோயிலையும் மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது.

கனடாவின் முதியோர் ஓய்வூதியம், பொதுவாக, 18 வயதுக்குப் பின் 20 ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவருக்கே வெளிநாட்டிலும் தொடரும். வருமானம் குறைந்தவருக்கான மேலதிகக் கொடுப்பனவு, ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் நின்றுவிடும். பிரித்தானிய அரச ஓய்வூதியமோ இலங்கையில் வாழ்பவருக்கு ஆண்டுதோறும் உயர்வதில்லை. அதே தேசியக் காப்புறுதிப் பணத்தைக் கட்டிவிட்டு அமெரிக்காவில் குடியேறியவருக்கு உயர்கிறது. இது அப்பட்டமான அநீதி.

இங்கேயும் குறை உண்டு. வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர், 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, காணி வாங்க முடியாது. தொடர்மாடியில்தான் வீடு வாங்கலாம். மின்சாரம் போய் லிஃப்ட் நின்றால், முழங்கால் நோவோடு ஒரு அம்மா கைப்பிடியைப் பற்றி, தளத்துக்குத் தளம் நின்று மூச்சு வாங்கி ஏற வேண்டியிருக்கிறது. காணித் தடையிலிருந்து விடுபட, 55 வயதைக் கடந்தவர் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த விண்ணப்பத்தைத் தமிழிலேயே விளக்கி, தாமதமின்றி முடித்துக்கொடுக்கக் குடிவரவுத் திணைக்களம் முன்வர வேண்டும். முதியோர் வாழும் மாடிகளில் மின்பிறப்பாக்கி இயங்குகிறதா என்பதைக் கொழும்பு மாநகரசபை நேரில் பார்க்க வேண்டும்.