ராஜா பார்க்காத மண்டபம்

ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் பக்கத்தில் பாட் ஹோம்பர்க் என்று ஓர் ஊர். பூமிக்குள்ளிருந்து பொங்கி வரும் உப்பு ஊற்றுகள்தான் அந்த ஊரின் சொத்து. அங்கே 'குர்பார்க்' என்று பெரிய பூங்கா ஒன்று இருக்கிறது. 'குர்' என்றால் சிகிச்சை. பெயரிலேயே வைத்தியம் இருக்கிறது, பாருங்கள்!

ஊற்றுத் தண்ணீரை ஒரு டம்ளர் குடிக்க வேண்டும். மர நிழலில் மெதுவாக நடக்க வேண்டும். பிறகு இன்னொரு டம்ளர். இதுதான் அந்தக் காலத்து மருத்துவம். அப்படி நடப்பதற்காகவே 19-ம் நூற்றாண்டில் பீட்டர் யோசஃப் லென்னே என்ற தோட்டக்கலை மேதை வடிவமைத்த பூங்கா இது.

உடம்பைத் தேற்ற வந்தவர்கள் பாதி, சூதாட வந்தவர்கள் பாதி. 1841-ல் பிளாங்க் சகோதரர்கள் இங்கே சூதாட்ட விடுதி திறந்தார்கள். ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கிகூட இங்கே பணத்தைத் தொலைத்தவர்தான்.

1907-ல் வந்த ஒரு நோயாளி மட்டும் வித்தியாசமானவர். சயாம், அதாவது இன்றைய தாய்லாந்தின் மன்னர் சுலலாங்கோர்ன். சிகிச்சை எடுத்துக்கொண்டவர், அந்த ஊருக்கு நன்றி சொல்ல நினைத்தார். தன் நாட்டுப் பாணியில் ஒரு மண்டபத்தையே பரிசளித்தார். தாய் மொழியில் அதற்கு 'சாலா' என்று பெயர். பாடசாலை, தர்மசாலை என்கிறோமே, அதே 'சாலை'தான்.

மண்டபம் சயாமில் தயாராகி, பகுதி பகுதியாகக் கடல் கடந்து வந்தது. பூங்காவில் அது எழுந்து நின்றது 1914-ல். மன்னரோ 1910-லேயே காலமாகிவிட்டார். தான் சொன்ன நன்றியை அவர் கண்ணால் பார்க்கவே இல்லை.

ஆனால், கதை அங்கே முடியவில்லை. அவர் வந்துபோன நூறாவது ஆண்டான 2007-ல், அவர் பெயர் சூட்டப்பட்ட ஊற்றின் அருகே இரண்டாவது மண்டபமும் எழுந்தது. இன்று ஜெர்மானிய மரங்களுக்கு நடுவே, அடுக்குக் கூரையோடு பொன்னிறத்தில் மின்னுகின்றன இரண்டும்.

டிஸ்சார்ஜ் ஆகும் அவசரத்தில், ராத்திரியெல்லாம் கண் விழித்துப் பார்த்துக்கொண்ட நர்ஸிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே வந்துவிடுகிறோம். மண்டபமெல்லாம் வேண்டாம். 'அப்புறம் சொல்லிக்கலாம்' என்று நீங்கள் தள்ளிப்போட்ட நன்றி ஒன்று இருந்தால், கையில் இருக்கும் இதே போனில் இப்போதே சொல்லிவிடுங்களேன்!