பள்ளிக்கு இடமுண்டு, பள்ளிப் பேருந்துக்கு?

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்கு வடக்கே, மேரிலேண்ட் மாநிலத்தில் இருக்கிறது மான்ட்கோமரி கவுன்ட்டி, அதாவது மாவட்டம். அங்கே பள்ளி நாள் ஒவ்வொன்றிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் மஞ்சள் பேருந்துகளில் ஏறி இறங்குகிறார்கள். அரசுப் பள்ளிதான், பேருந்தும் பள்ளித் துறையுடையதுதான். ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட பேருந்துகள், அவற்றை ஓட்டுபவர்கள், பழுது பார்ப்பவர்கள், தடம் வகுப்பவர்கள் என்று ஒரு போக்குவரத்துக் கழகத்தையே அந்தத் துறை நடத்துகிறது. பிள்ளைகளை வீட்டில் விட்ட பிறகு இத்தனை பேருந்துகளும் இரவில் எங்கேயாவது நின்றாக வேண்டும். எங்கே நிற்பது என்ற கேள்விக்குத்தான் அந்த ஊரால் பல ஆண்டுகளாக ஒருமித்த பதில் சொல்ல முடியவில்லை.

பிரச்சினை ஷேடி குரோவில் தொடங்கியது. வாஷிங்டன் மெட்ரோவின் சிவப்புத் தடம் முடியும் இடம் அது. 1984இல் நிலையம் திறந்தபோது சுற்றிலும் கிடங்குகளும் பட்டறைகளும்தான். கிராப்ஸ் பிராஞ்ச் வே என்ற சாலையின் இருபுறமும் கவுன்ட்டி அரசு தன் அன்றாட வேலைக்கான இடங்களை வைத்திருந்தது: வாகனப் பராமரிப்புப் பட்டறை, பள்ளி உணவுக் கிடங்கு, மதுபானக் கிடங்கு. அந்தக் கவுன்ட்டியில் மது மொத்த வியாபாரம் அரசின் கையில் இருக்கிறது. 400க்கும் மேற்பட்ட பேருந்துகள் நிற்கும் பள்ளிப் பேருந்து டிப்போவும் அங்கேதான்.

2006இல் அந்தப் பகுதிக்கு ஒரு புதிய வளர்ச்சித் திட்டம் வந்தது. ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்விடக்கூடிய இடத்தில் பட்டறைகள் எதற்கு, வீடுகள் வரட்டும் என்றது திட்டம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு கிடைத்தால் பலர் காரை விட்டுவிடுவார்கள். ஊர் வெளியே வெளியே பரவி வயல்களைத் தின்பதும் குறையும். பின்னர் கவுன்ட்டியின் தலைமை நிர்வாகியான ஐக் லெகெட் அதைச் செயல்படுத்த முனைந்தார். மதுபானக் கிடங்குக்கு, பக்கத்து ஊரான கெய்தர்ஸ்பர்கில் புது இடம் கிடைத்தது. பராமரிப்புப் பட்டறையும் வேறிடம் போனது. சாலைக்கு மேற்கே வீடுகள் எழுந்தன. கிழக்குப் பக்கத்துக்கும் ஒரு கட்டுமான நிறுவனத்தோடு பேச்சு முடிந்தது. வீடுகள், ஒரு பூங்கா, வருங்காலத்தில் ஒரு பள்ளி கட்ட இடம் என்று அந்த வரைபடம் அழகாகவே இருந்தது.

அந்தக் கிழக்குப் பக்கத்தில்தான் டிப்போ இருந்தது. பேருந்துகள் போக வேண்டும் என்று முடிவான நேரத்தில், எங்கே போவது என்பது முடிவாகியிருக்கவில்லை. பின்னால் வந்த சண்டைகள் எல்லாவற்றுக்கும் இந்த முன்பின் குழப்பம்தான் வேர்.

மாற்றிடம் தேடும் படலம் நீண்டது. ராக்வில் நகரை ஒட்டிய பழைய குப்பைக் கிடங்கு பேச்சில் அடிபட்டது. 1982இல் மூடப்பட்ட அந்தக் கிடங்கின் அடியில் குப்பை இன்னும் மட்கிக்கொண்டிருக்கிறது. மீத்தேன் வெளியேறும், தரையும் உள்வாங்கும். பன்னிரண்டு டன் எடையுள்ள பேருந்துகளை நூற்றுக்கணக்கில் நிறுத்த அது ஏற்ற இடமல்ல. வேறு சில இடங்களின் பெயர் வெளியே வந்ததுமே அந்தந்தப் பகுதி மக்கள் திரண்டார்கள். கடைசியில், ஒரே டிப்போவாக வேண்டாம், பேருந்துகளைப் பிரித்துப் பல இடங்களில் நிறுத்தலாம் என்றார்கள். அதில் சுமார் 100 பேருந்துகளை ராக்வில்லில் உள்ள கார்வர் வளாகத்தின் வாகன நிறுத்துமிடத்தில் விடுவது என்று திட்டமானது.

கார்வர் என்ற பெயர் அந்த ஊரில் சாதாரணப் பெயரல்ல.

திட்டம் வந்தபோது அது பள்ளித் துறையின் தலைமை அலுவலகம். 1951இல் கட்டப்பட்டபோது ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் உயர்நிலைப் பள்ளி. கவுன்ட்டியின் எந்த மூலையில் இருந்தாலும் கறுப்பினப் பிள்ளைகள் உயர்நிலைப் படிப்புக்கு அங்கேதான் வர வேண்டும். வெள்ளையர் பள்ளி வீட்டுக்கு எதிரிலேயே இருந்தாலும் அதைத் தாண்டி வர வேண்டும். பிரவுன் வழக்கில் 1954இல் உச்ச நீதிமன்றம் நிறவாரிப் பள்ளிகள் செல்லாது என்று தீர்ப்பளித்த பிறகு, 1955 முதல் படிப்படியாகப் பள்ளிகள் இணைக்கப்பட்டன. கார்வர் மூடப்பட்டு அலுவலகமானது. இதே கவுன்ட்டியில்தான் 1936இல் வில்லியம் கிப்ஸ் என்ற கறுப்பின ஆசிரியர், வெள்ளை ஆசிரியர்களுக்கு இணையான சம்பளம் கேட்டு வழக்குத் தொடுத்தார். அவருக்காக வாதாடிய இளம் வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் பின்னாளில் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனார். இப்படிப்பட்ட நினைவுகள் உள்ள மண்ணில், முற்றம் முழுக்க டீசல் பேருந்துகளை நிறுத்துவது என்பது அங்கே படித்தவர்களின் குடும்பங்களை எப்படித் தைக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. திட்டத்தை முன்வைத்த லெகெட், அந்தக் கவுன்ட்டியின் தலைமைப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். யார் பதவியில் இருந்தாலும், இடம் கிடைக்காத நெருக்கடியில் கண் போவது ஏற்கெனவே அரசு கையில் இருக்கும் நிலத்தின்மேல்தான். விலை கொடுக்க வேண்டாம், யாரிடமும் பேரம் பேச வேண்டாம். அந்த நிலத்துக்கு ஒரு கதை இருக்கிறதா என்று பார்க்க நேரமிருப்பதில்லை.

வரலாறு மட்டுமல்ல, போக்குவரத்தும் பேசப்பட்டது. வளாகம் இருப்பது ஹங்கர்ஃபோர்ட் டிரைவ் என்ற நெரிசல் மிகுந்த சாலையில். பக்கத்தில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் வந்துபோகும் மான்ட்கோமரி கல்லூரி, பின்புறத்தில் குடியிருப்புகள். ராக்வில் நகர மன்றமே எதிர்த்தது. 2017இல் கார்வர் திட்டம் கைவிடப்பட்டது. பேருந்துகள் ஷேடி குரோவிலேயே தங்கிவிட்டன.

எதிர்த்தவர்கள் வென்றது நியாயம்தான். ஆனால் அந்த எதிர்ப்பில் இரண்டு வகைக் குரல்கள் கலந்திருந்தன. அவற்றைப் பிரித்துப் பார்க்காவிட்டால் அடுத்த ஊரிலும் இதே கதைதான் நடக்கும். புகை, சத்தம், நெரிசல், அந்த இடத்தின் வரலாறு என்று பேசியவர்கள் ஒரு வகை. வீட்டு விலை இறங்கிவிடும், வேறெங்காவது கொண்டுபோங்கள் என்றவர்கள் இன்னொரு வகை. முதல் வகைக்குப் பதில் சொல்ல வேண்டியது அரசின் கடமை. இரண்டாம் வகைக்கு முடிவே கிடையாது, ஏனென்றால் வேறெங்காவது என்று சுட்டப்படும் இடத்திலும் யாரோ ஒருவர் வீடு வாங்கியிருப்பார்.

ஊருக்கு வெளியே தள்ளிவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பள்ளிப் பேருந்து ஒரு நாளில் நான்கு முறை ஆளில்லாமல் ஓடுகிறது: காலையில் டிப்போவிலிருந்து முதல் நிறுத்தத்துக்கு, பிள்ளைகளை இறக்கிவிட்டு டிப்போவுக்கு, மாலையில் மீண்டும் பள்ளிக்கு, கடைசியில் டிப்போவுக்கு. டிப்போ 5 கிலோமீட்டர் தள்ளிப் போனால் ஒரு பேருந்துக்கு ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர் கூடும். 400 பேருந்துகளுக்கு 8,000 கிலோமீட்டர். மேரிலேண்டில் பள்ளி ஆண்டுக்கு 180 நாட்கள். ஆக 14 லட்சத்து 40 ஆயிரம் கிலோமீட்டர், ஒரு பிள்ளைகூட ஏறாத ஓட்டம், ஆண்டுதோறும். அதற்கான எரிபொருளும் ஓட்டுநர் சம்பளமும் பள்ளிக்கூடத்தின் பணத்திலிருந்துதான் போகும். புகையும் மறைந்துவிடாது, வழிநெடுக உள்ள தெருக்களுக்குப் பங்கு போகும்.

டிப்போவின் அக்கம்பக்கத்தார் சொல்வதில் உண்மை இருக்கிறது என்பதை அறிய, குளிர்கால விடியலில் ஒரு டிப்போவின் வேலியோரம் நின்றால் போதும். ஐந்து மணி, வெளிச்சம் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும். ஓட்டுநர்கள் கையில் டார்ச்சோடு தங்கள் பேருந்தைச் சுற்றி வருகிறார்கள். டயரைப் பார்க்கிறார்கள், மஞ்சள் விளக்கு, சிவப்பு விளக்கு, பக்கவாட்டில் நீளும் ‘நில்’ பலகை ஒவ்வொன்றையும் இயக்கிப் பார்க்கிறார்கள். பின்புற அவசரக் கதவைத் திறந்தால் உள்ளே மணி அலறுகிறது, அலறத்தான் வேண்டும். எஞ்சின் சூடாக வேண்டும், கண்ணாடியில் படிந்த பனி உருக வேண்டும். நின்ற இடத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் எஞ்சினை ஓட விடக்கூடாது என்பது மேரிலேண்ட் சட்டம், ஆனாலும் உறைபனி நாளில் வண்டி கிளம்பத் தேவைப்படும் நேரத்தைச் சட்டத்தால் குறைக்க முடியாது. வரிசையிலிருந்து ஒவ்வொரு வண்டியும் பின்வாங்கும்போது பீப் ஒலி. இது நானூறு முறை. வேலிக்கு அந்தப் பக்கம் படுக்கையறை இருந்தால் தூக்கம் போகும். டீசல் புகை புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இலேயே உறுதியாக வகைப்படுத்திவிட்டது. இவையெல்லாம் பணக்காரர்களின் செல்லச் சிணுங்கல் அல்ல.

வேலிக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களைப் பற்றி யாரும் கூட்டம் போட்டுப் பேசுவதில்லை. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் ஓட்டுநர்கள். காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம் என்று உடைந்த வேலை அவர்களுடையது. ஷேடி குரோவில் எழும் புது வீடுகளின் விலை அவர்களில் பலருக்கு எட்டாதது. தொலைவிலிருந்து வண்டி பிடித்து டிப்போவுக்கு வருகிறார்கள். டிப்போ இன்னும் தள்ளிப் போனால், வேலையை விட்டுவிடலாமா என்று யோசிப்பார்கள். ஓட்டுநர் பற்றாக்குறை எவ்வளவு தூரம் போகும் என்பதை அமெரிக்கா பார்த்திருக்கிறது. 2021இல் மாசசூசெட்ஸ் மாநிலம் பள்ளி வாகனங்களை ஓட்டத் தேசியக் காவல் படையினரை அழைத்தது. 2023 ஆகஸ்டில் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில்லில் ஓட்டுநர் குறைவைச் சமாளிக்கத் தடங்களை மாற்றி அமைத்தார்கள். பள்ளி திறந்த முதல் நாளே சில பிள்ளைகள் வீடு சேர இரவு பத்து மணி ஆகிவிட்டது. பள்ளிகளைப் பல நாட்கள் மூட வேண்டியதாயிற்று.

எதிர்க்க வலுவில்லாதவர்கள் பக்கம் டிப்போக்கள் குவிந்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க்கின் ஹார்லெம் சாட்சி. அங்கே இருந்தவை பள்ளிப் பேருந்துகள் அல்ல, நகரப் பேருந்துகள். மன்ஹாட்டன் தீவின் பேருந்து டிப்போக்களில் பெரும்பாலானவை கறுப்பினத்தவரும் லத்தீன மக்களும் வாழும் வடபகுதியிலேயே இருந்தன. 1988இல் அங்கே உருவான ‘வீ ஆக்ட்’ அமைப்பு தெருவுக்கு வந்து போராடியது. 2000இல் மத்திய அரசின் போக்குவரத்துத் துறையிடம் பாகுபாடு என்றே புகார் கொடுத்தது. மத்திய ஹார்லெமில் ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்கு ஆஸ்துமா இருப்பதாக 2003இல் ஓர் ஆய்வு காட்டியது. டிப்போ ஒன்றையே அதற்கெல்லாம் காரணமாகச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் மூச்சுத் திணறும் பிள்ளைகள் வாழும் தெருவில் அடுத்தடுத்து டிப்போ வைப்பவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். ‘வீ ஆக்ட்’ நடத்திய போராட்டத்தின் பலனாக, டிப்போ எப்படிக் கட்டப்பட வேண்டும் என்ற பேச்சு வந்தது. ஹார்லெமின் மதர் கிளாரா ஹேல் டிப்போ இடித்துக் கட்டப்பட்டு, கூரையில் பசுஞ்செடிகளோடு 2014இல் திறக்கப்பட்டது.

இந்த வழியில் போக மான்ட்கோமரிக்கு வாய்ப்பு வாசலுக்கே வந்தது. 2021இல் பள்ளித் துறை 326 மின்சாரப் பேருந்துகளுக்கு ஒப்பந்தம் செய்தது. அமெரிக்காவில் ஒரு பள்ளித் துறை அதுவரை எடுத்த இவ்வகை முடிவுகளில் அதுதான் மிகப் பெரியது. பேருந்துகள் வந்து சேர்வதில் தாமதம், நிர்வாகத்தில் ஓட்டைகள். கவுன்ட்டியின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2024இல் அவற்றைக் கடுமையாகச் சுட்டிக்காட்டியது. அந்தக் குறைகள் திருத்தப்பட வேண்டியவை. ஆனால் விடியலில் புகையும் இரைச்சலும் இல்லாமல் கிளம்பும் பேருந்து, டிப்போ விவாதத்தையே மாற்றிவிடும். இதே கவுன்ட்டி தன் நகரப் பேருந்துகளுக்காக சில்வர் ஸ்பிரிங்கில் 2022இல் திறந்த புரூக்வில் டிப்போவில், சூரிய மின்தகடுகள் நிழற்கூரையாக நிற்க அடியில் பேருந்துகள் மின்னேற்றம் பெறுகின்றன.

மின்சாரப் பேருந்து இன்னொரு கட்டாயத்தையும் கொண்டுவருகிறது. டீசல் வண்டியை எந்த மைதானத்திலும் நிறுத்திவிடலாம். மின்சார வண்டிக்கு உயர் அழுத்த இணைப்பு வேண்டும், மின்மாற்றிகள் வேண்டும், வரிசை வரிசையாக மின்னேற்றிகள் வேண்டும். கோடிக்கணக்கில் செலவழித்து அதையெல்லாம் நட்ட பிறகு, மனைக்கு நல்ல விலை வருகிறது என்று பேருந்துகளைக் கிளப்பிவிட முடியாது. இனி ஓரிடத்தில் அமையும் டிப்போ ஒரு தலைமுறைக்காவது அங்கே இருக்கும்.

அதனால் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை, நிலத்தை விற்கும் வேலைக்கு முன்னால் நடக்க வேண்டும். மாற்றிடம் வாங்கி, மின் இணைப்பு கொடுத்து, முதல் பேருந்து அங்கிருந்து கிளம்பும் வரை பழைய டிப்போ நிலத்தின் பத்திரம் கைமாறக்கூடாது என்று கவுன்ட்டி மன்றம் சட்டமாகவே எழுதலாம். ஷேடி குரோவ் வரைபடத்தில் வீடுகளுக்கு இடம் இருந்தது, பூங்காவுக்கு இடம் இருந்தது, பள்ளிக்கே இடம் இருந்தது. அந்தப் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றி வரும் பேருந்துக்கு மட்டும் இல்லை. இனி வரும் வரைபடங்களில் வீடுகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பேருந்துகளுக்கும் ஏக்கர் கணக்கு குறிக்கப்பட வேண்டும். வீடு வாங்க வருபவர் கையெழுத்துப் போடும் முன்பே, வேலிக்கு அந்தப் பக்கம் டிப்போ இருக்கிறது, அது எத்தனை மணிக்கு விழிக்கும், எந்த ஆண்டுக்குள் டீசலை விட்டுவிடும் என்பதை அவருக்குக் காகிதத்தில் கொடுத்துவிட வேண்டும். கருத்துக் கேட்புக் கூட்டங்களில் ஓட்டுநர்களுக்கும் ஒரு வரிசை நாற்காலி போட வேண்டும். அதுவும் அவர்கள் மாலை ஓட்டம் முடித்து வந்து சேரக்கூடிய நேரத்தில்.