உறங்கும் தலைக்கு ஒரு குல்லா



சமவெளியில் வாழ்வோருக்கு மார்கழியும் தையும் இனிய மாதங்கள். விடியற்காலையில் ஒரு துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டால் பனியின் கணக்குத் தீர்ந்தது. நீலகிரியில் பணியாற்றும் நமக்கோ அவை ஒவ்வொன்றாக எண்ணிக் கடக்க வேண்டிய இரவுகள். கடல் மட்டத்துக்கு மேல் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் நவம்பரில் நீர்ப்பனி தொடங்கும். டிசம்பரிலும் சனவரியிலும் அது உறைபனியாகும். பள்ளத்தாக்குப் புல்வெளிகள்மீதும் தேயிலைச் செடிகள்மீதும் உப்பைத் தூவினாற்போல் அது விடியலில் வெண்மையாகக் கிடக்கும். தாழ்வான இடங்களில் சில இரவுகளில் வெப்பநிலை பூச்சியத்துக்கும் கீழே இறங்கிவிடும். தேங்காய் எண்ணெய்ச் சீசாவை வெயிலில் வைத்து, எண்ணெய் இளகும்வரை தலை வாராமல் காத்திருக்கும் பள்ளிப் பிள்ளைகளை இங்கே பல வீடுகளில் காணலாம்.

இத்தகைய குளிரில் உறங்கச் செல்லும்போது தலைக்கு எதை அணிவது என்பதே இம்மாதம் நாம் எடுத்துக்கொண்ட பொருள். பங்குக் குருவானவர் எழுத வேண்டிய செய்தியா இது என்று சிலர் கேட்கலாம். மூன்று ஆண்டுகளுக்கு முன் நம்மைக் கேட்டிருந்தால் நாமும் அவ்வாறே சொல்லியிருப்போம்.

மலைப் பங்குக்கு மாற்றலாகி வந்த முதல் கிறிஸ்மஸுக்கு, முதியோருக்கு வழக்கமாகத் தரும் சேலை வேட்டிக்குப் பதிலாகக் குல்லா கொடுக்கலாம் என்று நமக்குத் தோன்றிற்று. மலிவாகக் கிடைத்த மங்கி குல்லாக்கள் நாற்பது வாங்கினோம். எல்லாம் ஒரே அளவு, ஒரே பழுப்பு நிறம். திருப்பலி முடிந்ததும் வரிசையாக நிறுத்தி வழங்கினோம், நிழற்படமும் எடுத்துக்கொண்டோம். பெற்றவர்கள் நன்றி சொன்னார்கள். அன்றிரவு மனநிறைவோடு உறங்கினோம்.

சனவரி நடுவில் வீடு சந்திப்புக்காகத் தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்புகளுக்குச் சென்றபோதுதான் நம் குல்லாக்களின் வரலாறு தெரிந்தது. ஒரு வீட்டில் அது உடைந்த சன்னல் கண்ணாடியின் ஓட்டையில் திணிக்கப்பட்டிருந்தது. மற்றொரு வீட்டில் அடைகாக்கும் கோழிக்கு மெத்தையாகியிருந்தது. நாம் சிரித்தோம், வீட்டாரும் வெட்கத்தோடு சிரித்தார்கள். மூன்றாவது வீட்டில் நம்மால் சிரிக்க இயலவில்லை. மருத்துவமனையிலிருந்து திரும்பிய ஒரு மூதாட்டி கட்டிலில் படுத்திருந்தார். பத்து வயதுப் பேத்தி காலடியில் அமர்ந்திருந்தாள்.

"என்ன பாட்டி, குல்லா போட்டுக்கொள்வதில்லையா?" என்று கேட்டோம்.

"சாமி கொடுத்ததைக் குறை சொல்லக்கூடாது" என்று தயங்கினார். பின்பு சொன்னார்: "நெத்தியில கயித்தக் கட்டினாப்பல இருந்துச்சு சாமி. ஒரே அரிப்பு. நடுராத்திரி வேர்த்துப்போயி கழட்டிட்டேன். கழட்டினதும் குளிரு தாங்கல. அதனாலதான் குமுட்டியை உள்ள வச்சேன்."

கரியைக் கனியவிட்டு, புகை அடங்கிய பிறகே குமுட்டியை அறைக்குள் கொண்டுவந்திருக்கிறார். கதவிடுக்கில் சாக்கையும் செருகியிருக்கிறார். காலையில் வேலைக்குப் புறப்பட்ட பக்கத்து வீட்டுப் பெண் தட்டிப் பார்த்துவிட்டுப் பேச்சுமூச்சு இல்லையென்று கதவைப் பெயர்க்கச் செய்யாதிருந்தால், இருவரையும் நாம் கல்லறைத் தோட்டத்தில்தான் சந்தித்திருப்போம். பேத்தி வாந்தியெடுத்து மயங்கிக் கிடந்தாளாம். பாட்டிக்கு இரண்டு நாள் பிராணவாயு கொடுத்தே நினைவு திரும்பியதாம்.

புகையில்லாத கரி நெருப்பு தீங்கற்றது என்று நம் மக்கள் நம்புகிறார்கள். புகைதான் நம்மை இருமவைத்து வெளியே துரத்தும் காவலாளி. கனிந்த தணலில் அந்தக் காவலாளி இல்லை. அடைத்த அறையில் எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு வெளிப்படுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்புப் பொருளோடு அது பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேற்பட்ட வலிமையுடன் ஒட்டிக்கொள்கிறது. விழித்திருப்பவருக்குத் தலைவலியும் கிறுகிறுப்பும் குமட்டலும் எச்சரிக்கை செய்யும். உறங்குபவரோ எழுவதே இல்லை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வந்தவர்கள் அறைக்குள் கரி நெருப்பு வைத்து உறங்கி மாண்ட செய்திகள் நாளேடுகளில் வந்ததுண்டு. அப்படி யாரையேனும் கண்டால் உடனே கதவு சன்னல்களைத் திறந்து, வெளிக்காற்றுக்குத் தூக்கி வந்து, தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

ஆக, பொருந்தாத ஒரு குல்லா கழற்றப்பட்டது. அதன் இடத்தில் குமுட்டி வந்தது. குல்லாவை வாங்கியவர் நாமே. அன்றுமுதல் இதைப்பற்றி விசாரித்தும் படித்தும் அறிந்தவற்றைக் குடும்பங்களுக்குச் சொல்லுகிறோம்.

குரு மாணவராயிருந்த காலத்தில், உடலின் வெப்பத்தில் ஏறத்தாழப் பாதி தலைவழியே போய்விடுகிறது என்று நமக்குச் சொல்லித் தந்தார்கள். நாமும் பலருக்குச் சொல்லியிருக்கிறோம். அது சரியன்று. 1970-இல் வெளியான அமெரிக்கப் படையினருக்கான கையேடு ஒன்றில் தலைவழியே நூற்றுக்கு 40 முதல் 45 பங்கு வெப்பம் போகும் என்று எழுதியிருந்தார்கள்; அது உலகெங்கும் பரவிற்று. 2008-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இரு மருத்துவர்கள் இதை மறுத்தார்கள். பெரியவர்களின் தலை உடற்பரப்பில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே; அது இழக்கும் வெப்பமும் அந்த அளவையொட்டியதே.

அப்படியானால் குல்லா எதற்கு? இரவில் உடல் முழுவதும் கம்பளிக்குள் இருக்கிறது. தலை மட்டுமே வெளியே கிடக்கிறது. மேலும், குளிர் பட்டால் கைகால்களின் தோலிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கி வெப்பத்தைக் காத்துக்கொள்ளும்; தலைத்தோலில் அச்சுருக்கம் மிகக் குறைவு. முடி உதிர்ந்த முதியவர்களுக்கு இயற்கையின் போர்வையும் இல்லை. தலையோடு கால் இழுத்துப் போர்த்திக்கொள்வது இதற்கு மாற்றாகாது. விட்ட மூச்சையே திரும்ப இழுக்க நேரிடும்; மூச்சின் ஈரத்தால் போர்வையும் நனையும்.

குளிரில் உறங்கும் தலையைப் பற்றித் திருச்சபைக்கு நீண்ட பழக்கம் உண்டு. முற்காலத்துக் குருக்களும் துறவிகளும் உச்சி மழித்துக்கொண்டனர். குளிர்நாட்டுக் கோவில்களில் அந்த மொட்டைத் தலைக்கு வெப்பம் தர வந்த சிறு குல்லாதான் இன்று ஆயர்களும் திருத்தந்தையும் அணியும் வட்டத் தொப்பி. உச்சி மழிக்கும் சடங்கைத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1972-இல் நிறுத்திவிட்டார், தொப்பி நின்றுவிட்டது. 2005 டிசம்பரில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், காதுவரை இறங்கும் பழங்காலச் சிவப்புக் குல்லாவை அணிந்து வந்தபோது உலகம் பலவாறு பொருள் கூறியது. தமக்குக் குளிராயிருந்தது என்பதே காரணம் என்று பின்னர் அவரே விளக்கினார்.

இனி, எதை வாங்குவது? நடமாடும்போது அணியும் குல்லா வேறு, உறங்கும்போது அணிவது வேறு. பகலில் காற்றைத் தடுக்கத் தடித்தது வேண்டும். உறக்கத்திலோ உடல் தானே தன் வெப்பத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்கிறது. அதற்காகத் தோல்வழியே வெப்பத்தை வெளியேற்றுகிறது. அதை முற்றும் அடைத்தால் வியர்க்கும், வியர்வை குளிரும், உறங்குபவர் விழித்துக் குல்லாவை வீசிவிடுவார். நம் பாட்டிக்கு நேர்ந்தது இதுவே. ஆகவே இரவுக் குல்லா மெல்லியதாயிருப்பதே நன்று.

ஆட்டுக் கம்பளி நூலின் சிறப்பு, தன் எடையில் கால் பங்குக்கு மேல் ஈரத்தை உறிஞ்சினாலும் தொடும்போது ஈரமாய்த் தோன்றாமையே. அக்ரிலிக் என்னும் செயற்கை நூல் ஈரத்தை ஏற்பதில்லை. வியர்வை தலையிலேயே நிற்கும். ஆனால் அது மலிவு, துவைக்கவும் எளிது. 'உல்லன்' என்று கூவி விற்பவற்றில் பல அக்ரிலிக்கே. ஐயமிருந்தால் குல்லாவின் உட்புறத்திலிருந்து ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். கம்பளியானால் முடி கருகும் நாற்றம் வரும்; சாம்பலைத் தேய்த்தால் பொடியாகும். செயற்கை நூல் உருகிக் கெட்டி மணியாய்த் திரளும். உருகித் தீப்பற்றும் இத்தகைய குல்லாவோடு அடுப்பருகே குனிவது ஆபத்து என்பதும் அதிலேயே விளங்கிவிடும்.

கம்பளி அரிக்கிறது என்பவர்களுக்கு வழி எளிது. பழகி மெத்தென்றான பருத்திச் சேலைத் துண்டை உள்ளே வைத்துத் தைத்துவிடலாம். பழைய ஸ்வெட்டரின் கைப்பகுதியை வெட்டி, ஒரு முனையைச் சுருக்கித் தைத்தால் சிறுவர் தலைக்குக் காசில்லாக் குல்லா. நம் பங்கின் அன்னையர் இதில் நமக்கு ஆசிரியைகள்.

அளவைப் பார்க்கும் முறை இது: விளிம்புக்கும் நெற்றிக்கும் இடையே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். காலையில் நெற்றியில் வரி விழுந்திருந்தால் இறுக்கம் மிகுதி. உச்சியில் நூற்பந்து, பின்புறம் பொத்தான், தடித்த தையல் ஆகியவை தலையணையில் அழுத்தும். கடையிலேயே குல்லாவை அணிந்து, கன்னத்தைக் கையில் வைத்துச் சாய்ந்து பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். தாடைக்குக் கீழ் முடியும் கயிறு உறக்கத்தில் வேண்டவே வேண்டாம். மப்ளரைக் கழுத்தில் சுற்றிப் படுப்பதும் அவ்வாறே. நள்ளிரவில் அது எங்கே இறுகும் என்பது தெரியாது. கொண்டை போடும் பெண்கள் உறங்குமுன் அவிழ்த்துத் தளரப் பின்னிக்கொள்ளாவிட்டால் எந்தக் குல்லாவும் மேலேறிவிடும். மங்கி குல்லாவைப் பொறுத்தவரை, வாயையும் மூக்கையும் மூடும் பகுதியை மடித்துவிட்டே உறங்க வேண்டும். எண்ணெய்த் தலையில் வாரமெல்லாம் இருக்கும் குல்லாவைக் குளிர்ந்த நீரில் அலசி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் விரித்து உலர்த்துங்கள். கொடியில் தொங்கவிட்ட கம்பளி நீண்டு, அடுத்த இரவு கண்ணை மறைக்கும். இரவில் எழுந்து வெளியே செல்லும் முதியவருக்கு அது விழுந்து இடுப்பெலும்பு முறியக் காரணமாகலாம்.

கைக்குழந்தைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஏனெனில் பாசமே இங்கு தவறிழைக்கிறது. குழந்தையின் தலை அதன் உடலோடு ஒப்பிடப் பெரியது. ஆகவே பிறந்தவுடன் மருத்துவமனையில் குல்லா அணிவிப்பார்கள். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் மருத்துவர் எட்கர் ரே தொடங்கிய கங்காரு முறையிலும், தாயின் மார்போடு அணைக்கப்படும் எடை குறைந்த குழந்தைக்குக் குல்லா உண்டு. அதைக் கண்ட தாய், வீட்டிலும் தொட்டிலில் தனியே உறங்கும் குழந்தைக்குக் குல்லாவிட்டு மூடுகிறாள். குழந்தை மிகுந்த வெப்பத்தை வெளிவிடுவதற்கும் தலையே வழி. அதை அடைத்தால் உடல் அளவுக்குமேல் சூடாகும். நழுவும் குல்லா மூக்கை மூடினால் அகற்ற அதற்குக் கையும் உதவாது. பிறந்த முதற் சில மணி நேரமும் தீவிர சிகிச்சைப் பிரிவும் நீங்கலாக, வீட்டுக்குள் குழந்தைக்குக் குல்லா வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு 2022-இல் அறிவுறுத்தியுள்ளது. கூடுதலாக ஒரு சட்டை போடுங்கள்; காற்று நேரே வீசாத மூலையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். எடை குறைந்து பிறந்த பிள்ளையானால் மருத்துவர் சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

இவ்வாண்டு நம் பங்கில் ஒட்டுமொத்தமாக வாங்கவில்லை. அக்டோபர் மாதமே உபதேசியார் ஒரு நூற்கண்டோடு வீடு வீடாகச் சென்று, முதியவர்களின் தலையைச் சுற்றி அளந்து, நூலை அறுத்து, பெயரெழுதிய காகிதத்தில் முடிந்து வந்தார். அந்த நூல்கள் இப்பொழுது நம் மேசைமீது கிடக்கின்றன. இரண்டு தலைகள் ஒரே அளவில் இருப்பது எவ்வளவு அரிது என்பதை அவற்றைப் பார்த்தே அறிந்தோம். சிலர் நூலோடு வேண்டுகோளும் அனுப்பியிருக்கிறார்கள். ஒருவருக்குக் கறுப்புதான் வேண்டும். நம் பாட்டியின் காகிதத்தில் உபதேசியார் இவ்வாறு எழுதியிருக்கிறார்: "காது மூட வேண்டாம். ராத்திரி பேத்தி கூப்பிட்டால் கேட்க வேண்டுமாம்."