சாதிப் பெயரைச் சொல்லாத வசனம் எழுதுவோம்



தலித் நாடகம் என்றதும் நமக்குப் பாடம் எடுக்க இரண்டு பேர் வந்துவிடுகிறார்கள். ஒருவர் நாடகப் பட்டறைக்காரர். "உங்கள் நாடகத்தில் கோபம் இருக்கிறது, கலை இல்லை. வசனத்தில் சப்டெக்ஸ்ட் வேண்டும்" என்பார். இன்னொருவர் நம் தோழரே. "பூடகமாகப் பேசுவது மேட்டுக்குடி வேலை. நாம் உடைத்துத்தான் பேசுவோம்" என்பார். சொல்லாமல் சொல்லும் கலை நம்முடையது இல்லை என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போகிறார்கள். அதை நாம் மறுக்கிறோம்.

இந்த நாட்டில் சொல்லாமல் சொல்வதில் கைதேர்ந்தது எது? சாதிதான். "எந்த ஊரு?", "ஊர்ல எந்தத் தெரு?", "சைவமா, அசைவமா?", "குலதெய்வம் எது?" இவற்றில் எதிலும் சாதிப் பெயர் இல்லை. ஆனால் கேட்கப்படுவது சாதி மட்டும்தான்.

1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2015 திருத்தத்துக்குப் பிறகு, பொதுப் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதைத் தனிக் குற்றமாகவே சொல்கிறது. போராடிப் பெற்ற சட்டம் அது. ஆனால் பெயரையே சொல்லாமல், சிரித்த முகத்தோடு விரட்டுகிறவரை அந்தப் பிரிவில் நிறுத்துவது எளிதல்ல. சட்டத்தின் கைக்கு எட்டாத அந்த இடம் மேடையின் கைக்கு எட்டும். ஆகவே சப்டெக்ஸ்ட் நமக்கு அலங்காரம் இல்லை, சாட்சியம்.

வாடகைக்கு வீடு தேடும் காட்சியை நாம் வழக்கமாக எப்படி எழுதுகிறோம்? வீட்டுக்காரர், "உன் சாதிக்கு வீடு கிடையாது" என்பார். மாணவர் இரண்டு நிமிடம் உரையாற்றுவார். கைதட்டல் விழும். அரங்கில் உட்கார்ந்திருக்கும் நிஜ வீட்டுக்காரரும் சேர்ந்தே தட்டுவார். ஏனென்றால் அவர் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. மேடையில் இருப்பது தான் இல்லை என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவார். நம் வசனமே அவரைத் தப்பவிட்டுவிட்டது.

இப்படி எழுதிப் பாருங்கள்:

"வாங்க தம்பி, உக்காருங்க. சொந்த ஊரு?"
"விழுப்புரம் பக்கம் சார்."
"பக்கம்னா?"
"திருக்கோவிலூர் போற வழி."
"ஊருக்குள்ளயா?"
"பஸ் ஸ்டாப் ஒட்டி சார்."
"அதான், ஊருக்குள்ளயான்னு கேட்டேன்."
"தண்ணி எத்தனை மணிக்கு வரும் சார்?"
"தண்ணியா? இங்க தண்ணி ரொம்பக் கஷ்டம்ப்பா. உனக்குச் சரிப்பட்டு வராது."

ஊரா, சேரியா என்பதுதான் கேள்வி. அது இருவருக்கும் தெரியும், பார்ப்பவருக்கும் தெரியும். தண்ணீரைப் பற்றிக் கேட்கும்போது அந்த இளைஞர் பயந்து ஒதுங்கவில்லை. 'நான் குடியிருக்க வந்தவன், விசாரணைக்கு வந்தவன் இல்லை' என்று சொல்லிவிட்டார். வீட்டுக்காரரின் பதிலும் அந்த 'உனக்கு'வில் இருக்கிறது. 'வாங்க, உக்காருங்க' என்று தொடங்கியவர் எந்த இடத்தில் 'நீ'க்கு இறங்கினார் என்று கவனியுங்கள். இப்போது அரங்கில் இருக்கும் வீட்டுக்காரரால் கைதட்ட முடியாது.

இது மேட்டுக்குடிக் கலை என்கிற தோழருக்கு ஒரு செய்தி. சப்டெக்ஸ்ட் என்றதும் உலகமே சொல்லும் பெயர் ஆண்டன் செகாவ். அவருடைய தாத்தா ஒரு பண்ணையடிமை. பணம் கொடுத்துத் தன் குடும்பத்தின் விடுதலையை வாங்கியவர். 1904இல் மேடையேறிய 'செர்ரித் தோட்டம்' நாடகத்தில் லோபாகின் என்றொரு வணிகன் வருகிறான். அவனுடைய அப்பாவும் தாத்தாவும் அந்தப் பண்ணையில் அடிமைகள், சமையலறைக்குள்கூட விடப்படாதவர்கள். அவன் பண்ணைக்காரிக்கு யோசனை சொல்கிறான், கடன் தருகிறான், பணிவாகப் பேசுகிறான். மூன்றாம் அங்கத்தில் அந்தப் பண்ணையையே ஏலத்தில் எடுத்துவிட்டு வந்து நிற்கும்போதுதான் உள்ளே கிடந்தது வெடித்து வெளியே வருகிறது. அதுவரை அடக்கி வைத்ததால்தான் அந்தக் கத்தலுக்கு அவ்வளவு கனம்.

நாமும் கத்துவோம். எப்போது கத்துவது என்பதைப் பாத்திரம் முடிவு செய்யட்டும்.

பழகுவதற்குச் சில வழிகள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அந்தக் காட்சியில் என்ன வேண்டும் என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அந்த வரியில் உள்ள சொற்களை வசனத்தில் தடைசெய்யுங்கள். யாருக்குக் கேட்கும் உரிமை இருக்கிறது, யார் பதில் சொல்லியாக வேண்டும் என்று பாருங்கள். கேள்விக்குக் கேள்வியால் பதில் வரும் இடம்தான் அதிகாரம் அசையும் இடம். கைக்கு ஒரு வேலை கொடுங்கள். டீக்கடையில் எந்த டம்ளரை எடுப்பது என்று தயங்கும் கை ஒரு பக்க வசனத்துக்குச் சமம். நீங்க, நீ, வாப்பா, வாடா என்ற விளிகள் மாறும் இடங்களை அடிக்கோடிடுங்கள். முக்கியமாக, உங்கள் பாட்டியிடமும் அம்மாவிடமும் கேளுங்கள். பண்ணையார் முன்னால் ஒன்றைச் சொல்லி, தங்களுக்குள் வேறொன்றைப் புரிந்துகொண்ட பேச்சு அவர்களிடம் ஏராளம். எந்தப் பட்டறையிலும் அது கிடைக்காது.

பட்டறைக்காரருக்கும் ஒரு வார்த்தை. 'பலி ஆடுகள்' எழுதிய கே.ஏ. குணசேகரனின் வழியில் வருகிறவர்கள் நாம். 'பிரச்சாரம்' என்ற வசை நமக்குப் புதிதில்லை. நுட்பம் என்ற பெயரில் எங்கள் கோபத்தைக் கழற்றி வைக்கச் சொன்னால் அதை ஏற்க மாட்டோம். கொலை நடந்த ஊரில் கொன்ற சாதியின் பெயரைச் சொல்லத்தான் வேண்டும். அங்கே மறைத்துப் பேசுவதற்குப் பெயர் நுட்பம் அல்ல, பயம்.

அடுத்த ஒத்திகைக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதி வாருங்கள். இரண்டு பேர், ஒரு கேள்வி. சாதிப் பெயர் எங்கும் வரக்கூடாது. ஆனால் வாசித்து முடிக்கும்போது யார் எந்தத் தெருவிலிருந்து பேசுகிறார்கள் என்று கேட்பவர் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஜெய் பீம்.